காதுக்கார அக்காவின் தொண்டை

அந்த பஸ் கம்பெனியின் பட்டறையில் அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. முதலாளியிலிருந்து டயருக்குக் காற்றடிப்பவர் வரைக்கும் அவள் காதுக்கார அக்காதான். வயதில் மூத்த டிரைவர்கள் மட்டும் தங்கச்சி என்பார்கள். சம்பளக் கவரில் கூட யாரோ "கா. அக்கா" என்று எழுதி வைத்து, அதையும் அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனதாகச் சொல்வார்கள்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பஸ் கழுவ. ஒரு தகர வாளி, ஒரு துடைப்பம், இரண்டு கிழிந்த துணி, அவ்வளவுதான் உத்தியோகம். ஓடிவிட்டு வந்து நிற்கிற வண்டிக்கடியில் குந்தி உட்கார்ந்து சக்கரத்துச் சேற்றைத் தேய்க்கும்போது, மேலே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கைக்குத்தான் வேலை, காதுக்கு வேலை இல்லையே. அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் ஃபோர்மேனிடம் போய், "சார், இந்த வண்டியில தண்ணி பம்பு முனகுது சார்" என்றாள். அந்த மனுஷர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "வாளியைப் பாரும்மா, வாளியை" என்றார். மறுநாள் அந்த வண்டி பட்டப்பகலில் நடுரோட்டில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. காரணம் தண்ணி பம்பு.

இரண்டாம் தடவை அவள் வந்து சொன்னபோது ஃபோர்மேன் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை அவரே அவளைக் கூப்பிட்டு, ஒரு இரும்புக் கோலைக் கையில் கொடுத்தார். ஒரு முனையில் மரக்குமிழ் வைத்த கோல். கூர்முனையை இன்ஜின் மேல் வைத்து, குமிழைக் காதோரம் அழுத்தினால் உள்ளே நடக்கிற சங்கதி எல்லாம் காதுக்கு வந்துவிடும். அவள் வலது காதில்தான் வைப்பாள். இடது காதில் வைத்தால் ஏனோ அவளுக்குத் திருப்தி வராது. அன்றிலிருந்து அவள் கேட்டுத் தலையாட்டாமல் தூரத்துக்குப் போகிற வண்டி எதுவும் கேட்டைத் தாண்டியது கிடையாது. வாளி வேறு கைக்கு மாறியது.

இப்படிப்பட்டவளுக்கு வியாதி வந்தது தொண்டையில். மாசம் தவறாமல் டான்சில் வீங்கிக்கொள்ளும். காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத அவஸ்தை, அதோடு குறட்டை. குறட்டையென்றால் சாதாரணக் குறட்டை இல்லை. அவள் புருஷன் தையல்காரர், வாசலை ஒட்டிய அறையில் மெஷின் போட்டுத் தைப்பவர், பொறுமைசாலி. அவரே ஒருநாள், "ஊர்ல இருக்கற வண்டிச் சத்தமெல்லாம் உனக்குக் கேக்குது. உன் வண்டிச் சத்தம் மட்டும் உனக்குக் கேக்கலையே தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்து, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் சில நாள்ல காது வலிக்கும்மா. பயந்துடாதீங்க. காதுல ஒண்ணும் இருக்காது. தொண்டைக்கும் காதுக்கும் சேதி கொண்டு போற நரம்பு ஒண்ணுதான். தொண்டையில இருக்கற புண்ணு, காதுல வலிக்கற மாதிரி தெரியும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. வலி மாத்திரையைத் தள்ளிப்போடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா மென்னு சாப்பிடுங்க. முழுங்க பயந்துட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்தீங்கன்னா புண்ணு காய்ஞ்சு வலி இன்னும் ஏறும். ரத்தம்கூட வரலாம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நம் அக்கா பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் காதில் அதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. ஏனென்றால் டாக்டரம்மாவின் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி "கிர்ர்... டக், கிர்ர்... டக்" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேரிங்கா, இல்லை மேலே மாட்டியிருக்கிற கொக்கி ஆடுகிறதா என்று அவளுக்குள் பெரிய விசாரணை. தையல்காரர்தான் எல்லாவற்றையும் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளர் ஒருதரம் சொன்ன அளவை மறக்காத மனுஷர் அவர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் சில நாட்கள் தொண்டை வலித்தது. அது வலிக்கத்தானே செய்யும் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பேச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தையல் மேஜையில் கிடக்கிற சாக்குக்கட்டியை எடுத்து, கையில் அகப்பட்ட துணியில் எழுதிக் காட்டுவாள். அப்பாடா, பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அவள் நினைத்த நேரத்தில் வந்தது காதுவலி.

வலது காது. வந்ததே, ஒரு வலி! யாரோ திருப்புளியை உள்ளே விட்டுத் திருகுகிற வலி. எச்சில் விழுங்கினால் ஒரு திருகு. தண்ணீர் விழுங்கினால் இரண்டு திருகு. கொட்டாவி வருகிறது என்று தெரிந்தால் போதும், இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் கோக்க உட்கார்ந்துவிடுவாள். வாழ்நாளில் அவள் அத்தனை பயந்தது ஒரு கொட்டாவிக்குத்தான்.

தையல்காரர் ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றார். "டாக்டரம்மா சொன்னாங்கல்ல, காது வலிக்கும்னு. காதுல ஒண்ணும் இல்ல. தொண்டையில இருந்துதான் வருது. குடி."

அவள் சாக்குக்கட்டியை எடுத்து எழுதினாள்: "வலி எங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்மா. ஆனா அவங்க சொன்னது..."

"அவங்க எப்போ சொன்னாங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் சொல்லி அவள் முழுசாக நம்பிய விஷயம் என்று எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போய் மெஷினை மிதித்தார்.

அவள் மனசுக்குள் ஓடியதே வேறு. அவளுக்கு இருக்கிற சொத்து அந்தக் காது ஒன்றுதான். படிப்புச் சான்றிதழ் கிடையாது, ஸ்பேனர் பிடிக்கிற பயிற்சி கிடையாது. ஆபரேஷனில் எதையோ தொட்டுவிட்டார்கள், காது போகப்போகிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். காது போனால் பட்டறையில் அவளை எதற்கு வைத்திருப்பார்கள்? மறுபடியும் வாளியும் துடைப்பமும்தான். இடுப்பில் சுளுக்கோடு, நாற்பத்திரண்டு வயதில், வண்டிக்கடியில் குந்த வேண்டும். விழுங்கினால்தானே வலிக்கிறது என்று, அவள் விழுங்குவதையே நிறுத்திக்கொண்டாள். வாய் காய்ந்தது, உதடு வெடித்தது, வலி ஏறியது. ஏற ஏற அவள் பயமும் ஏறியது.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் நாத்தனார். தையல்காரரின் தங்கை. நல்லவள்தான். யாருக்கு என்ன வியாதி என்றாலும் அவளிடம் ஒரு கைவைத்தியம் தயாராக இருக்கும், அதுதான் தொந்தரவு.

"என்ன அண்ணி இது, முகமே பாதியாப் போச்சு! காதா? அட, இதுக்குப் போயா இப்படி உக்காந்திருக்கீங்க? வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பஞ்சை வெச்சா பறந்துடும்."

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பட்டறையில் எந்தப் பையனாவது சத்தம் வருகிற இடத்தில் எண்ணெய்க் குப்பியை நீட்டினால், "முதல்ல ஏன் சத்தம் வருதுன்னு பாருடா, சத்தம் கேட்டவுடனே எண்ணெயைத் தூக்கிட்டு வந்துட்டான்!" என்று கத்தித் தீர்ப்பவள் இவள். அப்படிப்பட்டவள் இப்போது சமர்த்தாகத் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். எண்ணெய் இறங்கியது. அதன் மேல் நாத்தனார் பஞ்சையும் உருட்டி அழுத்தினாள்.

மறுநாள் காலை பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் ஒரு காரியம் செய்தாள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்தாள். டிக், டிக், டிக். வலது காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. குலுக்கிவிட்டு வைத்தாள். ஒன்றுமில்லை. எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ போர்வைக்குள் முனகுகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம், அவ்வளவுதான்.

போச்சு. எல்லாம் போச்சு. கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அழுதால் தொண்டை இறுகும், தொண்டை இறுகினால் காது வலிக்கும், காது வலித்தால் இன்னும் அழுகை வரும். தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வா, டாக்டரம்மாகிட்ட போவோம்" என்று கெஞ்சினார். போக மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். காது போய்விட்டது என்று அந்த அம்மா வாயால் கேட்டுவிட்டால் அது உறுதியாகிவிடுமே என்று அவளுக்குப் பயம்.

அப்போதுதான் போன் அடித்தது. பட்டறையிலிருந்து ஹாரன் அண்ணன். தெருவில் நாய் குறுக்கே வந்தாலும் சரி, காகிதம் குறுக்கே பறந்தாலும் சரி, ஹாரனை அழுத்தாமல் விடமாட்டார் அந்த டிரைவர். பேசுவதும் அதே சுருதியில்தான். தையல்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். அக்கா இடது காதைத் திருப்பிக்கொண்டாள்.

"தங்கச்சி! உடம்பு எப்படி இருக்கு? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா. நம்ம புது வண்டியில பின்னாடி கடைசி சீட்டுக்கடியில 'கடக் கடக்'னு ஒரு சத்தம். ஏறுறவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க. சீட்டைக் கழட்டியாச்சு, ஸ்பிரிங்கைக் கழட்டியாச்சு, அடித்தகட்டைக்கூடப் பிரிச்சாச்சு. ஒண்ணும் இல்ல. ஃபோர்மேன் தலையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்தாள். பழக்கம் இருக்கிறதே, அது அழுகையைவிடப் பெரிசு. சாக்குக்கட்டியை எடுத்தாள். மேஜையில் யாருக்கோ வெட்டி வைத்திருந்த கறுப்பு கோட்டுத் துணி கிடந்தது. அதில் எழுதினாள்: "எப்போ சத்தம்? கியர் மாத்தும்போதா?"

தையல்காரர் துணியைப் பார்த்து, "ஐயோ, அது கஸ்டமர் துணி!" என்று அலறிவிட்டு, போனில் கேள்வியைச் சொன்னார்.

"ஆமாம்மா! கியர் மாத்துறப்போதான்! எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் விறுவிறுவென்று எழுதினாள். தையல்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று உரக்க வாசித்தார்.

"முன்னாடி இன்ஜினைத் தாங்குற ரப்பரைப் பாருங்க. கிழிஞ்சிருக்கும். அங்க அடிக்கறது சேஸிஸ் வழியா ஓடி பின்னாடி வந்து சத்தம் போடுது. சத்தம் கேக்கற இடத்தைப் பிரிச்சுப் பிரயோஜனம் இல்ல. கோளாறு..."

வாசித்துக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்தினார். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "கோளாறு வேற இடத்துல" என்று முடித்து, அழுத்தமாக ஒரு கோடும் இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். புருஷன் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள்.

"மறுபடி வாசிக்கட்டுமா?" என்றார் அவர், மெதுவாக. "நான் சொன்னா கேக்க மாட்ட. டாக்டர் சொன்னா கேக்க மாட்ட. இப்போ நீயே எழுதியிருக்க, உன் கையாலயே."

அவள் கோட்டுத் துணியைப் பார்த்தாள். தன் எழுத்தைப் பார்த்தாள். கை தானாகத் தொண்டைக்குப் போனது. முகத்தில் ஈயாடவில்லை. போனில் ஹாரன் அண்ணன், "ஹலோ! ஹலோ! லைன்ல இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

காலையில் தையல்காரர் மறுபடியும் வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளரை அவளே எடுத்தாள். தண்ணீர் குடிப்பதை ஒரு வீரச் செயல் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அன்றைக்கு அவளைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டோம். முதல் மடக்கில் காதுக்குள் திருப்புளி முழு வேகத்தில் திருகியது. கண்ணை இறுக மூடி, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அங்க இல்ல, இங்கதான்" என்று தொண்டையை விரலால் தொட்டுத் தொட்டுத் தனக்குத்தானே காட்டிக்கொண்டாள். இரண்டாம் மடக்கு. மூன்றாம் மடக்கு. டம்ளர் காலியானதும் அதை மேஜையில் டொக்கென்று கவிழ்த்து வைத்தாள். தையல்காரர் அதை நிமிர்த்தி மறுபடியும் நிரப்பி வைத்தார்.

ஆனால் கடிகாரம்? அது கேட்காதது கேட்காததுதானே? வலி தொண்டையிலிருந்து வருகிறது என்றால் செவிடு எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி தூக்கம் வராது என்று அவளே செருப்பை மாட்டினாள்.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார். "புண்ணு நல்லாத்தான் ஆறுது. ஆனா ரொம்பக் காய்ஞ்சு கிடக்கு. தண்ணியே குடிக்கலையா?" என்று முறைத்தார். அப்புறம் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். புருவம் மேலே போனது. ஒரு மெல்லிய இடுக்கியை எடுத்து, ஆடாமல் உட்காரச் சொல்லி உள்ளே விட்டு, எதையோ பற்றி மெல்ல இழுத்தார். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் துண்டு ஒன்று வழவழவென்று வெளியே வந்தது. நாத்தனார் அழுத்திய அழுத்தில் பஞ்சு இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. இவள் மேலே இருந்ததை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு, காது போச்சு என்று ஒப்பாரி வைத்திருக்கிறாள்.

பஞ்சு வந்த அந்தக் கணம், அடைத்து வைத்த கதவைத் திறந்த மாதிரி உலகம் அவள் காதுக்குள் வந்தது. வெளியே நர்சின் செருப்புச் சத்தம். பக்கத்து அறையில் தண்ணீர்க் குழாய். டாக்டரம்மாவின் கைக்கடிகாரம். தலைக்கு மேலே, கிர்ர்... டக், கிர்ர்... டக்.

அவள் முகம் மலர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, கரகரவென்று, ஆனால் தெளிவாக வந்தது.

"டாக்டரம்மா, உங்க ஃபேன்ல பேரிங் போயிடுச்சு."

தையல்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மா விசிறியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அன்னைக்கு நான் அவ்வளவு நேரம் பேசினப்போ..."

"அதைத்தாம்மா கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள். வெட்கம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம், சந்தோஷம் எல்லாப் பக்கமும். "இப்போ சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை விடாமக் கேக்கறேன்."

டாக்டரம்மா எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அதற்கப்புறம் அவள் தன் தொண்டையை ஒரு வண்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள். மாத்திரை வேளை தவறவில்லை. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். கழுத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ். காது வலித்தால், "ஆங், தெரியும் தெரியும், தொண்டை கூப்பிடுது" என்று சொல்லி இரண்டு மடக்குக் குடிப்பாள். மெத்தென்ற ரொட்டியைப் பிய்த்துப் போட்டு நிதானமாக மென்றாள். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு திருகு திருகும், அப்புறம் பாதியாகும். ஒருநாள் தையல்காரர் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது அவள் வாயைப் பிளந்து, நன்றாக, நீளமாக, ஆசைதீர ஒரு கொட்டாவி விட்டாள். விட்டுவிட்டு அப்படியே திகைத்து நின்றாள். வலிக்கவில்லை.

"என்னங்க! இன்னொண்ணு விடட்டுமா?"

"விடு விடு, உன் இஷ்டம்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "குறட்டையும் நின்னுபோச்சு. அந்தச் சத்தம் இல்லாம எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது" என்று முணுமுணுத்தார். அவளுக்கு அது நன்றாகவே கேட்டது. நாத்தனார் மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது, அதை வாங்கித் தையல் மெஷினுக்கு விட்டாள்.

கோட்டுத் துணியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சாக்குக்கட்டி எழுத்தைத் தட்டினால் போய்விடும். தையல்காரருக்குத் தட்ட மனசு வரவில்லை. அதற்கு மேலேயே உள்துணியை வைத்துத் தைத்துவிட்டார். "கோளாறு வேற இடத்துல" என்று நெஞ்சுக்குள் எழுதி வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் இன்றைக்கும் கல்யாணங்களுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

அவள் பட்டறைக்குத் திரும்பிய காலை, ஹாரன் அண்ணன் கேட்டிலேயே வரவேற்பு மேளம் வாசித்தார், ஹாரனில்தான். புது வண்டியில் கிழிந்த ரப்பரைக் கழற்றி அவள் பார்க்கவென்றே எடுத்து வைத்திருந்தார்கள். ஃபோர்மேன் இரும்புக் கோலைத் துடைத்து நீட்டினார். "நீ கேக்காம தூரத்து வண்டியை அனுப்பவே மனசு வரலம்மா. இந்தா, முதல்ல இதைக் கேளு."

எல்லோரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். காது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான், அது அவளுக்குத் தெரியாதா? சுவரோரம் அந்தப் பழைய தகர வாளி இருந்தது. அவள் போய் அதை எடுத்தாள். கொஞ்சம் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். வண்டிக்கு முன்னால் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சம்மணமிடாத குறையாக வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கோலின் கூர்முனை இன்ஜினில். மரக்குமிழ் வலது காதில், அதே காதில்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டாள். எச்சில் விழுங்கிப் பார்த்தாள். எங்கேயும் வலியில்லை. இன்ஜினில் ஒரு முனகல் இல்லை, ஒரு தட்டல் இல்லை.

கண்ணைத் திறந்து, பட்டறையின் கடைசி மூலைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"வண்டியை எடுங்கண்ணே!"

ஹாரன் அண்ணன் எடுத்தார். வண்டி கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, திருப்பத்தில் மறைந்தது. மற்றவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவள் மட்டும் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தபடி, வெகுநேரம் அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.